கால்வாய்ப் படகைப் பூட்டிவிட்டுப் போனால் போதுமா?

கேட்டவர் லண்டனில் வேலை பார்க்கிறார். வாடகை கட்டுப்படியாகாமல் 50 அடி நேரோபோட் (ஒடுங்கலான கால்வாய்ப் படகு) ஒன்றை வாங்கி, ரீஜென்ட்ஸ் கால்வாயிலும் லீ ஆற்றிலும் இடம் மாற்றி மாற்றிக் கட்டிக் குடியிருக்கிறார். போன வாரம் மூன்று படகு தள்ளி நின்ற ஒன்றில் பட்டப்பகலில் புகுந்து ஜெனரேட்டரையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எந்தப் பூட்டு வாங்கலாம், டிசம்பரில் நான்கு வாரம் ஊருக்குப் போகும்போது படகை எப்படி விட்டுவிட்டுப் போவது, இந்த இரண்டும்தான் கேள்வி.

நான் 11 ஆண்டுகளாகப் படகில் குடியிருக்கிறேன். அதில் பாதிக் காலம் அடுத்தவர் படகுகளுக்குக் கதவு, ஜன்னல் மாட்டிக் கொடுக்கிற வேலையும் செய்கிறேன், அதனால் உடைபட்ட படகுகள் நிறையப் பார்த்தாயிற்று. பூட்டைப் பற்றியும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். ஏனென்றால் நான் பார்த்த படகுகள் பலவற்றில் பூட்டு முழுசாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

என் படகே அப்படித்தான். ஒரு ஜனவரி மாதம், மாலை ஆறரை இருக்கும், வேலை முடிந்து வருகிறேன், நல்ல இருட்டு. பின்கதவில் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. திறந்து உள்ளே இறங்கியதும் முகத்தில் குளிர்காற்று அடித்தது. அடுப்படிப் பக்கத்து ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஜன்னல் கண்ணாடி கரைப் புல்லில் சாய்த்து வைத்திருக்கிறது, ஒரு கீறல் கிடையாது. அதைச் சுற்றிப் பிடித்திருந்த கறுப்பு ரப்பர் பட்டை பக்கத்திலேயே பாம்பு போலச் சுருண்டு கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் ரப்பரின் ஒரு முனையை நெம்பி, முழுசாக உருவி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். பக்கத்துப் படகில் ஆள் இருந்திருந்தால்கூடச் சத்தம் கேட்டிருக்காது. சமையல் மேடையில், அரிசி டப்பாவை ஒட்டி, சேறு அப்பிய ஷூ தடம். டிரில் செட், டேப்லெட், என் மனைவியின் கைப்பை, இவ்வளவும் போயிருந்தன. பொருள் போனது ஒரு பக்கம், நாங்கள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவன் நின்று நிதானமாகக் கிளறியிருக்கிறான் என்ற நினைப்புதான் பல வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தத் தடத்தை என் மனைவி நான்கு தடவை துடைத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேரோபோட் என்பது சுமார் 6 அடி 10 அங்குல அகலமுள்ள இரும்புப் பெட்டி, பல கால்வாய்களில் லாக்குகள், அதாவது படகை மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற நீர்க்கதவுத் தொட்டிகள், 7 அடி அகலத்தில் கட்டப்பட்டதால் அந்த அளவு. அடித்தட்டு 10 மில்லிமீட்டர், பக்கங்கள் 6 மில்லிமீட்டர், மேலே கேபின் சுவர் 4 மில்லிமீட்டர் என்பதுதான் இப்போதைய வழக்கமான கட்டுமானம். அந்த இரும்பை யாரும் உடைப்பதில்லை. இவ்வளவு கனமான இரும்பில் மரக்கதவையும் ரப்பர் பிடித்த கண்ணாடியையும் மாட்டி வைத்திருக்கிறோம் பாருங்கள், திருடனுக்கு அது போதும். ஆனால் அதற்கும் முன்னால் அவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: உள்ளே ஆள் இல்லை. அது தெரிந்துவிட்டால் அவனுக்கு நேரம் கிடைத்துவிடுகிறது. நேரம் கிடைத்தவனுக்கு முன்னால் எந்தப் பூட்டும் நிற்காது. ஆகவே என்னைக் கேட்டால் காசையும் கவனத்தையும் முதலில் செலவழிக்க வேண்டியது, ஆள் இல்லாததை வெளியே காட்டாமல் இருப்பதில்தான்.

டோபாத்தில், அதாவது கரையோர நடைபாதையில், ஒருமுறை நீங்களே திருடன் கண்ணோடு நடந்து பாருங்கள். குளிர்காலத்தில் எல்லாப் படகிலும் புகைபோக்கி புகைகிறது, ஒன்றில் மட்டும் புகை இல்லை. கட்டுக்கயிற்றில் சிலந்தி வலை. கூரையில் உதிர்ந்த இலை அப்படியே மக்கிக் கிடக்கிறது. கயிறு தளர்ந்து படகு கரையை விட்டு விலகி நிற்கிறது. சுக்கான் பிடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். தண்ணீர்ப் பக்கத்துத் திரை மட்டும் மூன்று நாளாகத் திறந்தே இருக்கிறது. இதெல்லாம் "வீட்டில் யாரும் இல்லை" என்று போர்டு எழுதி மாட்டியது மாதிரி. பெரும்பாலான திருட்டு திட்டம் போட்டு வருவதில்லை, நடந்து போகிறவன் இப்படி ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு மறுநாள் வருகிறான். டிசம்பரில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, நான்கு மணிக்கு இருட்டிவிடும், நீங்கள் ஆபீஸிலிருந்து வர ஏழு ஆகும். அந்த மூன்று மணி நேரத்தில் உள்ளே ஒரு சின்ன எல்இடி விளக்கு டைமரில் எரிந்தால், ரேடியோ பேசிக்கொண்டிருந்தால், முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள். ரேடியோவில் பாட்டைவிடப் பேச்சு நல்லது.

அடுத்தது எங்கே கட்டுவது. உங்களுக்குச் சொந்த மூரிங், அதாவது படகை நிலையாகக் கட்டி வைக்கிற இடம் இல்லை, அதனால் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் 1995இன்படி ஓர் இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்க முடியாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கம் மாறுகிறது. ஒவ்வொரு இடத்தையும் புதிதாக எடை போட வேண்டியிருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, கார் அல்லது வேன் எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்க முடியும் என்பது. ஜெனரேட்டர் 20 கிலோ, ஒரு பேட்டரி 25 கிலோ, இதையெல்லாம் எவனும் அரை மைல் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டான். சாலைப் பாலத்தின் படிக்கட்டுக்கு அடியில் நிற்கிற படகுதான் சுலபமான இரை. பாலத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, இரண்டு படகுகளுக்கு நடுவே நில்லுங்கள், வரிசையின் கடைசிப் படகாக நிற்காதீர்கள். போய் நின்ற அன்றே முன்னாலும் பின்னாலும் இருக்கிறவர்களிடம் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு போன் நம்பரைக் கொடுங்கள். நம்மவர்களில் பலருக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது, வெள்ளைக்காரர் தவறாக நினைப்பாரோ என்று. படகுக்காரர்கள் நினைக்க மாட்டார்கள், அவர்களும் அதையேதான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் படகில் இரண்டாவது முறை கை வைத்தபோது தடுத்தது இரண்டு படகு தள்ளி இருந்த ஒரு பாட்டியம்மாதான், "யாரப்பா அது, அந்தப் படகுக்காரரை எனக்குத் தெரியும்" என்று கத்தியிருக்கிறார், அவ்வளவுதான், ஓடிவிட்டார்கள்.

கூரை மேல் இருக்கிற எதுவும் உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொள்வது நல்லது. சைக்கிள், ஜெனரேட்டர், கேன், டூல் பெட்டி எல்லாம் உள்ளே போக வேண்டும். சோலார் பேனலுக்கு, முறுக்கி முடித்ததும் தலை முறிந்து விழுந்து, பிறகு ஸ்பேனர் பிடிக்க இடமில்லாத நட்டுகள் கிடைக்கின்றன, அதைப் போடுங்கள். டீசல் டேங்குக்குப் பூட்டு மூடி.

இப்போது கதவு. நேரோபோட்டின் முன்கதவு இரண்டையும் உள்ளிருந்தே மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பின்பக்கமாக வெளியே வருவதுதான் முறை. பின்னால் தள்ளித் திறக்கிற மூடியும் அதற்குக் கீழே இரட்டைக் கதவும் இருக்கும், மூடியில் கொண்டி, கொண்டியில் பூட்டு. இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. 70 பவுண்டு கொடுத்துப் பூட்டு வாங்குகிறோம், அது தொங்குகிற கொண்டி நான்கு சின்ன மர ஸ்க்ரூவில் நிற்கிறது. கடப்பாரை வேண்டாம், டயர் கழற்றுகிற லிவர் ஒன்று போதும், ஒரே நெம்பில் பூட்டோடு சேர்ந்து கொண்டி கையில் வந்துவிடும். என்னிடம் வேலைக்கு வருகிற உடைந்த கதவுகளில் இந்த வகைதான் நிறைய. கொண்டியை இரும்பில் வெல்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மறுபக்கம் வரை ஊடுருவுகிற போல்ட் போட்டு, உள்ளே ஒரு இரும்புப் பட்டை வைத்து நட்டு முறுக்குங்கள். வெளியே தெரிகிற போல்ட் தலை வழவழப்பான உருண்டையாக இருக்க வேண்டும், ஸ்பேனர் பிடிக்க ஒன்றும் இருக்கக் கூடாது.

பூட்டில் பார்க்க வேண்டியது அதன் வளைவுக் கம்பி எவ்வளவு வெளியே தெரிகிறது என்பது. நீளமான கம்பியாக இருந்தால் போல்ட் கட்டர் வாய் உள்ளே போய்விடும். தோள் உயர்ந்து கம்பியை மூடியிருக்கிற வகை, அல்லது வேன்களில் மாட்டுகிற வட்டத் தட்டு மாதிரியான வகை வாங்குங்கள். பெட்டியில் சோல்ட் செக்யூர் (பூட்டுகளைச் சோதித்துத் தரம் போடுகிற அமைப்பு) முத்திரை இருக்கிறதா பாருங்கள், வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் போட்டிருப்பார்கள், வெள்ளிக்குக் குறைந்து வேண்டாம். ஈரத்திலேயே தொங்குகிற பூட்டு, மாதம் ஒருமுறை எண்ணெய் விடாவிட்டால் ஒரு பனிநாளில் உங்களையே வெளியே நிறுத்திவிடும். பேட்டரி கிரைண்டர் கொண்டு வருகிறவனுக்கு எதிராக எந்தப் பூட்டும் சில நிமிடம்தான் தாங்கும், ஆனால் கிரைண்டர் போடுகிற சத்தம் அடுத்த லாக் வரை கேட்கும், அந்தத் துணிவு எல்லோருக்கும் வராது.

ஜன்னலுக்கு என்ன செய்வது? ரப்பர் வெளிப்பக்கம் இருக்கிற பழைய வகையாக இருந்தால் உள்ளே குறுக்காக இரண்டு ஸ்டெயின்லெஸ் கம்பி, கழற்றி மாட்டுகிற மாதிரி. அதைவிட நல்லது ஆள் இல்லாதபோது உள்ளிருந்து மாட்டுகிற பலகை. வட்ட ஜன்னல் இருக்கிற படகுகளில் இந்தத் தொல்லையே குறைவு, அதற்குள் உடம்பு நுழையாது. இனிமேல் படகு வாங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் வட்ட ஜன்னலையும் இரும்புக் கதவையும் கேட்டு வாங்குங்கள், வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ஆனால் ஒன்று, இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். இரவில் நீங்கள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவும் சாவி தேடித் திறக்கிற மாதிரி இருக்கக் கூடாது. இந்தப் படகுகளில் ஒரு முனையில் விறகு, நிலக்கரி அடுப்பு, இன்னொரு முனையில் இன்ஜினும் பேட்டரியும், நடுவே மரப் பலகை அடித்த ஆறடி அகலக் குழாய். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் அடைபடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக வெளியேற வேண்டும், அதுவும் இருட்டில், புகையில், சில வினாடிகளில். ஆகவே உள்ளே கையால் தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் மட்டும். ஜன்னல் கம்பியைச் சொன்னேனே, அதையும் ஒரு பக்கமாவது உள்ளிருந்து ஒரே இழுப்பில் கழற்ற வர வேண்டும். அதேபோல், திருடன் கம்பி விட்டுத் திறக்கிறான் என்று கூரையிலும் கதவிலும் இருக்கிற காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு (அடுப்பிலிருந்து வரக்கூடிய நச்சுவாயு) அலாரம் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம், ஆனால் அலாரம் காற்று தராது. டிரில் செட் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

கேமராவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வைக்கலாம், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கேமராவும் 4ஜி ரவுட்டரும் சேர்ந்து தொடர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 24 ஆம்பியர்-மணி போய்விடும், குளிர்காலத்தில் சோலாரிலிருந்து அதை ஈடுகட்ட முடியாது, பத்து நாளில் பேட்டரி செத்துவிடும், அதற்குள் கேமராவும் நின்றிருக்கும். உடல்சூட்டை வைத்து அறியும் சென்சார் அடுப்புச் சூட்டுக்கும் சும்மா கத்தும். கதவில் ஒட்டுகிற காந்த சென்சாரும் காதைப் பிளக்கிற சைரனும் எளிமையானவை, மின்சாரமும் அதிகம் தின்பதில்லை. ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்றை மரப்பலகைக்குப் பின்னால் மறைத்து வையுங்கள், படகையே ஓட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல் என்பதால் சீக்கிரம் தெரிந்தால் பிடித்துவிடலாம். படகின் 14 எழுத்து-எண் அடையாளக் குறியீட்டை இன்றே போட்டோ எடுங்கள், 1998 ஜூனுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த படகு என்றால் பின்பக்கம் இருக்கும். ஜன்னலில் ஒட்டியிருக்கிற லைசென்ஸ் எண் வேறு, இது வேறு.

கயிற்றை அவிழ்த்து விடுகிற தொல்லையும் உண்டு, பெரும்பாலும் வார இறுதி ராத்திரியில் பையன்கள். இரும்புத் தகடு போட்ட கரையாக இருந்தால் முளை அடிக்காமல் தகட்டுக்குப் பின்னால் சங்கிலியோ கொக்கியோ மாட்டிக் கட்டுங்கள், பிடுங்க வராது. சங்கிலியைப் பூட்டும் போட்டு இறுக்கிவிடாதீர்கள், யாராவது லாக்கில் மதகைத் திறந்தபடி விட்டுவிட்டால் நீர்மட்டம் இறங்கும், படகு ஒரு பக்கமாகத் தொங்கிச் சாயும், அப்போது பக்கத்து ஆள் வந்து தளர்த்த வழி வேண்டும்.

அப்புறம், நடந்துவிட்டால் என்ன செய்வது. உள்ளே ஆள் இருப்பது மாதிரித் தெரிந்தால் இறங்காதீர்கள், கரையிலேயே நின்று அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் விளக்கு சுவிட்சையோ லைட்டரையோ தொடுவதற்கு முன் கேஸ் வாடை வருகிறதா பாருங்கள். புரோபேன் காற்றைவிடக் கனமானது, சிலிண்டரையோ குழாயையோ அவர்கள் பிடுங்கியிருந்தால் கசிந்தது படகின் அடியில் தேங்கி நிற்கும். வாடை வந்தால் எல்லோரும் கரைக்கு. இல்லையென்றால் எதையும் தொடாமல் போட்டோ எடுத்துவிட்டு, அவசரமில்லாத புகாருக்கான போலீஸ் எண் 101.

போலீஸில் இடத்தைச் சொல்லும்போது தெரு, போஸ்ட்கோடு என்று திணறாதீர்கள். பக்கத்துப் பாலத்தில் எண் போட்ட தகடு இருக்கும், எந்தக் கால்வாய், எந்த எண் பாலத்திலிருந்து எந்தத் திசை, அதோடு வாட்த்ரீவேர்ட்ஸ் (எந்த இடத்தையும் மூன்று சொல்லால் குறிக்கிற போன் செயலி) காட்டுகிற மூன்று சொல், அது போதும். முக்கியமாக முதல் வாக்கியத்திலேயே "இது நான் குடியிருக்கிற வீடு" என்று சொல்லுங்கள். திருட்டுச் சட்டம் 1968, பிரிவு 9, உட்பிரிவு 4 ஆள் குடியிருக்கிற படகைக் கட்டடத்துக்குச் சமமாக வைக்கிறது, குடியிருப்பவர் அந்த நேரம் உள்ளே இல்லாவிட்டாலும். குடியிருப்பில் புகுந்து திருடினால் அதிகபட்சம் 14 ஆண்டு, யாரும் குடியிருக்காத படகு என்றால் அது சாதாரணத் திருட்டு, 7 ஆண்டு. தண்டனை வருகிறதோ இல்லையோ, முதல் நாளில் எந்தத் தலைப்பில் பதிகிறார்கள் என்பதுதான் மற்றதைத் தீர்மானிக்கிறது. 2022 அக்டோபரில் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைத் தலைவர்கள் வீடு புகுந்த திருட்டு ஒவ்வொன்றுக்கும் அதிகாரி நேரில் வருவார் என்று உறுதி சொன்னார்கள். என் புகாரை முதலில் "படகிலிருந்து பொருள் திருட்டு" என்று பதிந்து, குற்ற எண் மட்டும் கொடுத்துப் போனை வைத்துவிட்டார்கள். மறுநாள் திரும்பக் கூப்பிட்டு இந்தப் பிரிவைச் சொல்லி மாற்றிக் கேட்டேன், அதற்குப் பிறகுதான் ஆள் வந்து அந்த ஷூ தடத்தின் படத்தை வாங்கிப் போனார்கள். குற்ற எண்ணை இன்சூரன்ஸுக்கு எடுத்து வையுங்கள். லைசென்ஸுக்காக எடுக்கிற மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் உங்கள் பொருள் எதுவும் வராது, உள்ளே இருக்கும் பொருளுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதிலும் வலுக்கட்டாயமாக உடைத்த அடையாளம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள்.

நகை விஷயம் நம்மவர்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். தாலிக்கொடி, குழந்தைக்குப் போட்ட காப்பு, பாஸ்போர்ட், டிகிரி சர்டிபிகேட் இதெல்லாம் படகில் எங்கே ஒளித்தாலும் ஆறடி அகலத்துக்குள்தான் ஒளிக்கிறீர்கள். படுக்கைக்கு அடியில், சோபா பெட்டிக்குள், அரிசி டப்பாவுக்குள் என்று அவர்களுக்கும் எல்லா இடமும் தெரியும். வீடு வைத்திருக்கிற சொந்தக்காரரிடமோ பாதுகாப்புப் பெட்டக நிறுவனத்திலோ கொடுத்து வையுங்கள்.

டிசம்பர் பயணத்துக்கு வருகிறேன். நான்கு வாரம் கரையில் விட்டுப் போக உங்களுக்கு அனுமதியும் இல்லை, அது பாதுகாப்பும் இல்லை. கால்வாய்களை நிர்வகிக்கிற கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிர்கால மூரிங் விற்கிறது, ஆனால் அதில் பல இடம் பொதுநடைபாதையை ஒட்டித்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட் போட்ட மரீனா (படகு நிறுத்துமிடம்) ஒன்றில் ஒரு மாதத்துக்கு இடம் எடுப்பேன், டிக்கெட் செலவோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காக லாக்குகளை மூடுவார்கள், எனவே நவம்பர் கடைசிக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள், வழியில் மாட்டிக்கொண்டால் பிளைட்டைப் பிடிக்க முடியாது. தண்ணீர்க் குழாயை வடித்து, சிலிண்டரை மூடி, லேப்டாப், டூல்ஸ் எல்லாவற்றையும் நண்பர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஜன்னலுக்குப் பலகை மாட்டவில்லை என்றால் காலியான அலமாரிகளைத் திறந்தே வையுங்கள், எட்டிப் பார்க்கிறவனுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணாடி வழியே தெரியட்டும். ஒரு சாவியை அங்கேயே ஆண்டு முழுக்கக் குடியிருக்கிற யாராவது ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை உள்ளே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அவருக்கு ஊரிலிருந்து கால் கிலோ முந்திரி வாங்கி வாருங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.